கொண்டுபோகும் கற்கள்

என் மனைவி மாதக்கணக்காக முயன்றுகொண்டிருந்த ஒரு விளையாட்டை, அவள் தூங்கிய நேரம் பார்த்து நான் எடுத்து முடித்துவிட்டேன். அது சின்னக் குற்றம். அவள் எழும்பிக் கேட்டபோது, முடித்தது நீர்தான், மறந்துவிட்டீர் என்று சொன்னேன். அது பெரிய குற்றம். பாரிசவாதத்தில் பாதி உடம்பை இழந்து கிடந்தவளிடம், உமக்குப் புத்தியும் போகத் தொடங்கிவிட்டது என்று சொன்னதற்கு அது சமம். அவள் நம்பினாள். நான் நம்பவிட்டேன்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் பைலட்டாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். விமானம் அல்ல, கப்பல். வெளியில் வந்து நிற்கும் கப்பலுக்குப் படகில் போய், கயிற்று ஏணியில் ஏறி, கப்டனுக்குப் பக்கத்தில் நின்று கட்டளை சொல்லி, கப்பலை உள்ளே கொண்டுவந்து கட்டிவிட்டு இறங்குவது என் தொழில். அதில் ஒரு வழக்கம் உண்டு. பைலட் வேண்டுமென்றால் கப்பல் மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட கொடியை ஏற்றும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் போவோம். கேட்காத கப்பலில் பைலட் ஏறமாட்டான். வேலைக்காலம் முழுவதும் இந்த வழக்கத்தை நான் மீறியதில்லை. வீட்டில் மீறினேன்.

பாரிசவாதம் அவளுடைய வலப்பக்கத்தை எடுத்தது. குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சோறு ஊட்டுவது, சில்லுக் கதிரையில் வைத்துத் தள்ளுவது எல்லாவற்றையும் நானும், கப்பல்துறை என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் அவளுடைய தங்கையும் செய்தோம். பேச்சு மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தது. ஆனால் வாய்க்கொழுப்பு ஒன்றும் குறையாமல் வந்தது. தம்பலகாமத்தில் கணக்குப் படிப்பித்த ஆசிரியை அவள். யாராவது அவளிடம் மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போலப் பேசினால், "எனக்குக் கைதான் ஏலாது, காது கேக்கும்" என்பாள்.

மெல்பேர்னிலிருந்து வந்து நின்ற மகள் திரும்பிப் போகும்போது தன்னுடைய டப்பை, அந்தத் தொடுதிரைப் பலகையை, அம்மாவிடம் விட்டுப்போனாள். இடக்கை விரலுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று அதில் ஒரு விளையாட்டைப் போட்டிருந்தாள். விளையாட்டு இதுதான். கட்டம் கட்டமாகக் கல் பதித்த ஓர் அறை. அதற்குள் கையில் விளக்குப் பிடித்த ஒரு சின்னப் பெண். அவளை விரலால் நகர்த்தி, அறைக் கதவுக்குக் கொண்டுபோக வேண்டும். சாம்பல் நிறக் கல்லில் அவள் நிற்கலாம், நடக்கலாம். அம்புக்குறி போட்ட கல்லில் கால் வைத்தால், அந்தக் கல் அவளை அம்பு காட்டும் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அடுத்த கல் அதற்கடுத்த கல்லுக்கு அவளைக் கொடுக்கும். இழுபடும்போது எங்கள் விரலுக்கு வேலையில்லை. சாம்பல் கல்லோ சுவரோ வந்தால் நிற்பாள். பள்ளம் வந்தால் விழுவாள், திரும்பவும் முதலிலிருந்து. ஓர் அறையை முடித்தால் அடுத்த அறை திறக்கும், பின்கதவு பூட்டிக்கொள்ளும். முடித்த அறைக்குத் திரும்பிப் போக வழியில்லை. வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் அறையிலிருந்து தொடங்கலாம்.

"இந்தப் பெட்டை பாவம்" என்று அவள் ஒருநாள் சொன்னாள். "காலை வைச்சா எங்கயோ கொண்டுபோய்ப் போடுது. ஆனாலும் பாருங்கோ, எந்தக் கல்லில கால் வைக்கிறதெண்டு அவள்தான் நினைக்கிறாள்."

நான் அப்போது அவளுடைய கதிரையை முற்றத்து நிழலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

கடைசி அறை அவளை மறித்தது. அந்த அறையின் கதவுக்கு அப்பால் கடல் தெரியும். அதுவரை வந்த அறைகளில் சாம்பல் கல் நிறைய இருந்தது. இந்த அறையிலோ கிட்டத்தட்ட எல்லாமே அம்பு. நின்று யோசிக்க இடமில்லை. பொங்கல் முடிந்த கையோடு அந்த அறைக்குள் போனவள், சித்திரைப் புத்தாண்டுக்கும் அங்கேதான் நின்றாள். தங்கையைக் கொண்டு பழைய கலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் அறையைப் போலவே கட்டம் கீறுவித்தாள்; அம்பும் கதவும் போடாத வெறுங்கட்டம். கால் வைத்து விழுந்த கல் ஒவ்வொன்றுக்கும் அட்டையில் ஓர் ஒட்டுப்பொட்டு ஒட்டினாள். இடக்கையால் பொட்டை அதன் தாளிலிருந்து உரித்தெடுப்பதே அவளுக்கு நீண்ட நேர வேலை. கை கொடுக்கப் போனால் முறைப்பாள். அந்தப் பயிற்சியிலேயே, மடங்கிப் போயிருந்த வலக்கை விரல்களும் மெல்லத் திறக்கத் தொடங்கின. டப்பைச் சாய்த்துப் பிடிக்க அவை உதவின.

நான் பின்னால் நின்று பார்ப்பேன். அந்தப் பெண் பள்ளத்தில் விழும்போதெல்லாம் என்னை அறியாமல் உச்சுக்கொட்டுவேன்.

"மூச்சு விடுறதெண்டா வெளிய போய் விடுங்கோ."

"இல்லை, அந்த மூலைக் கல்லை நீர் பாக்கேல்ல போல..."

"நான் கொடி ஏத்தினனானோ?"

"இல்லை."

"அப்ப படகைத் திருப்புங்கோ." பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள்: "எல்லாத்தையும் நீங்கள்தானே செய்யிறியள். பல்லுத் தீட்டுறதுகூட. இதை மட்டும் எனக்கு விடுங்கோ."

ஓம் என்றேன். என் காதாலேயே கேட்டு, ஓம் என்று சொன்னேன்.

சித்திரை வெயிலில் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கினாள். டப் கட்டில் ஓரத்தில் கிடந்தது. பார்க்கத்தான் எடுத்தேன். விறாந்தையில் உட்கார்ந்து விளையாட்டின் அந்த அறையைப் பார்த்தபோது, பழைய வேலை மூளைக்குள் தானாக ஓடத் தொடங்கியது. கப்பலைக் கட்டப் போகும்போது நாங்கள் துறையிலிருந்து பின்னோக்கித்தான் யோசிப்போம். கடைசியில் எந்த இடத்தில் வேகம் அடங்க வேண்டும், அதற்கு முன் எங்கே திருப்ப வேண்டும், அதற்கு முன் எங்கே நிற்க வேண்டும் என்று. அவள் நுழைவாசலிலிருந்து முன்னோக்கிப் போய்ப் போய் விழுந்துகொண்டிருந்தாள். நான் கதவிலிருந்து திரும்பி நடந்தேன். கதவுக்குக் கொண்டுபோவது எந்தக் கல், அந்தக் கல்லுக்குக் கொண்டுவருவது எது. முதலில் கதவை விட்டு விலகி எதிர்மூலைக்கு இழுபட்டுப் போகவேண்டும் என்பதுதான் சூட்சுமம். ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று முற்றத்துக்கு வந்து செவ்வரத்தைச் செடியைத் தின்றுகொண்டிருந்தது. விரட்ட எழும்பவில்லை. விரலை வைத்தேன். சரியா என்று பார்ப்போம், கடைசிக் கல்லுக்கு முன் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கடைசி ஓட்டம் முழுவதும் அம்புக் கல். இழுபடும்போது விரலுக்கு வேலையில்லை என்பதை மறந்திருந்தேன். கதவு திறந்தது. கடல் வந்தது. அந்தப் பெண் விளக்கை மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பின்கதவு பூட்டிக்கொண்டது.

அந்தச் சந்தோசம் எனக்கு ஒரு நிமிடம் இருந்ததை மறைக்கமாட்டேன்.

பிறகு பயம் பிடித்தது. அவள் வாய்க்குப் பயந்தேன். அதைவிட, அவள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்ப்பாளே, அதற்குப் பயந்தேன். மேசையில் கலண்டர் அட்டை கிடந்தது. அவள் ஒட்டிய பொட்டுகளை உரித்து, நான் போன வழியில் வரிசையாக ஒட்டினேன். கோணாமல் ஒட்டினேன். டப்பைப் பழைய இடத்தில் வைத்தேன்.

அவள் எழும்பி டப்பை எடுத்தாள். நெடுநேரம் கடலைப் பார்த்தாள்.

"இதென்ன?"

"நீர்தானே முடிச்சனீர். நேற்றுப் பின்னேரம். எனக்கும் காட்டினீர்."

"நானோ?"

"ஓம். அட்டையில வழிகூட ஒட்டி வைச்சிருக்கிறீர்."

அட்டையை ஏறிட்டுப் பார்த்தாள். தூரத்திலிருந்துதான் பார்த்தாள், கையில் வாங்கவில்லை. அவள் முகத்தில் கோபம் வரவில்லை. சந்தைச் சனத்துக்குள் தாயின் கையை விட்டுவிட்ட பிள்ளையின் முகமாக அது இருந்தது. பிறகு கேட்டாள்:

"நான் சந்தோசப்பட்டனானோ?"

"ஓம்" என்றேன். "நல்லா."

அன்று பின்னேரம் தங்கையிடம் சொல்லி அந்த அட்டையை அலுமாரிக்கு மேல் வைப்பித்தாள். டப்பைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மதியம் கிண்ணியாத் தயிர் போட்டுச் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு, "நான் சாப்பிட்டனானோ?" என்று கேட்கத் தொடங்கினாள். குளிசை போட்டேனா என்று கேட்பாள். ஏதாவது கதை சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி, "இது நடந்ததுதானோ?" என்று என் முகத்தைப் பார்ப்பாள். வாழ்நாள் முழுவதும் என் தவறுகளைத் திருத்திய ஒருத்தி, தன் நினைவு சரியா என்று என்னிடம் கேட்டுக் கேட்டு வாழத் தொடங்கினாள். நானும் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வைத்தியரிடம் கொண்டுபோனோம். அவர் கேள்விகள் கேட்டுப் பார்த்துவிட்டு, வயதுக்கு நல்ல ஞாபகம் என்றார். வெளியே வந்ததும், "ஆறுதலுக்குச் சொல்லுறார்" என்றாள். கைப்பயிற்சியை விட்டாள். "மூளையே போகுது, கை என்னத்துக்கு" என்றாள். திறந்து வந்த வலக்கை விரல்கள் திரும்பவும் மடங்கின. இன்றுவரை அவை திறக்கவில்லை. அதுவும் என் கணக்கில்தான்.

ஒரு ஞாயிறு மகள் அழைத்தபோது, அவள் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். "நீங்கள் கதையுங்கோ. நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போடுவன்." அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறு, அம்மா ஏன் என்னோடு கதைக்கிறா இல்லை என்று மகள் அந்தப் பக்கத்தில் அழுதாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை, தங்கை தேங்காய் துருவிக்கொண்டிருக்க, கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தூங்கிய நேரம் நான் எடுத்தது, முடித்தது, பொட்டை மாற்றி ஒட்டியது, பொய் சொன்னது. அவள் கேட்டாள். அடிப்பாள் என்று காத்திருந்தேன். இடக்கையை நீட்டி என் கையைத் தட்டினாள்.

"பாவம் நீங்கள். என்னைத் தேத்துறதுக்கு எவ்வளவு பெரிய கதை கட்டுறியள்."

"கதை இல்லை. உண்மை."

"நாங்கள் கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து நீங்கள் பொய் சொல்லிப் பாத்ததில்லை. இண்டைக்குத்தான் முதல் பொய். அதுவும் சரியா வரேல்ல." சிரித்தாள். "வழி ஒட்டின அட்டை கிடக்குதே."

"அதை ஒட்டினது நான்."

"சரி, சரி. நீங்கள்தான்" என்றாள், பிள்ளையைச் சமாதானப்படுத்துவது போல.

குசினிக்குள் தங்கை என்னை மறித்தாள். "அத்தான், உண்மையோ?"

"உண்மை."

கையிலிருந்த தேங்காய்ப் பாதியைப் பாத்திரத்துக்குள் எறிந்தாள். "மனுசரோ நீங்கள்? அவ என்னட்ட, தனக்கு எல்லாம் மறந்துபோனாப் பிறகு தன்னைக் குளிப்பாட்டாதேங்கோ, ஆஸ்பத்திரியில விடுங்கோ எண்டு கேட்டவ. தெரியுமோ?" சிதறிய தேங்காய்ப்பூவைக் கூட்டி அள்ளினாள். பிறகு, "வாயால சொன்னா நம்பமாட்டா. நீங்களே திரும்ப விளையாடிக் காட்டுங்கோ" என்றாள்.

எல்லாவற்றையும் அழித்து முதல் அறையிலிருந்து தொடங்கினேன். சுலபம் என்று நினைத்தேன். கடைசி அறையைக் கண்டுபிடித்தவனுக்கு மற்றவை எம்மாத்திரம் என்று நினைத்தேன். வாரக்கணக்கில் பிடித்தது. நடு அறைகளில் வட்டக் கற்கள் வரும். அவை அந்தப் பெண்ணைச் சுழற்றி வேறு பக்கம் தள்ளிவிடும். பின்னோக்கி யோசிக்கும் என் முறை அங்கே ஓடவில்லை. இதையெல்லாம் அவள் ஒற்றை விரலால், அதுவும் பழக்கமில்லாத கையால் கடந்து போயிருக்கிறாள். நான் அப்போது பின்னால் நின்று உச்சுக்கொட்டியிருக்கிறேன்.

அப்படி ஓர் அறையில் நாட்கணக்கில் சிக்கி நின்றேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"மற்றப் பக்கத்தால. இரண்டு தரம் சுத்தவேணும்."

அப்படியே செய்தேன். கதவு திறந்தது.

"பாத்தீரோ! உமக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

"அது பழசு. பழசு போகாதாம். புதுசுதான் போகுமாம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசி அறைக்கு வந்து சேர்ந்த அன்று, தங்கையையும் கூப்பிட்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் காட்டினால் அவள் நம்பக்கூடும். ஆனால் காட்டிவிட்டால், அந்த அறையை அவள் தானாகக் கண்டுபிடிப்பது இனி ஒருநாளும் நடக்காது. முதலில் தெரியாமல் அவளிடமிருந்து எடுத்ததை, இப்போது அவள் கண்முன்னால் இரண்டாவது முறை எடுக்கவேண்டும். அதை அப்படியே அவளிடம் சொன்னேன். தங்கைக்கு மட்டும் காட்டுகிறேன், அவள் சாட்சி சொல்லட்டும் என்றும் சொன்னேன்.

அவள் முதல்முறையாக என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நிம்மதியாக இருந்தது.

"அவளும் நீங்களும் சேந்து எனக்கு ஆறுதல் சொல்லுவியள். என்ர கண்ணால பாக்கவேணும். காட்டுங்கோ."

காட்டினேன். எதிர்மூலைக்குப் போய், அங்கிருந்து இழுபட்டு, கடைசி ஓட்டம் ஓடி, கதவு, கடல், மணல். அவள் கண்ணிமைக்காமல் பார்த்தாள்.

"இது அட்டையைப் பாத்துப் படிச்சதாயும் இருக்கலாம்" என்றாள். பிறகு தங்கையிடம், "அதை எடு" என்றாள்.

அலுமாரிக்கு மேலிருந்து அட்டை வந்தது. தூசி தட்டி மடியில் வைத்தாள். கலண்டர் அட்டைகளின் மேல்விளிம்பில் தொங்கவிடுவதற்கென்று ஒரு தகரப் பட்டி இருக்குமே, அந்தப் பட்டி மேலே இருக்கும்படி வைத்தாள். டப்பில் கடல்கதவு மேலே இருந்தது. அட்டையில் பொட்டுகள் கீழே போய் முடிந்தன. அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு அட்டையைத் தலைகீழாகத் திருப்பினாள். இப்போது வழி அச்சொட்டாகப் பொருந்தியது. தகரப் பட்டி அவளுடைய வயிற்றுப் பக்கம் வந்தது.

எனக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. எங்கள் துறைமுக வரைபடத்தில் கடல் கீழே இருக்கும், துறை மேலே இருக்கும். கொட்டியார்க் குடாவிலிருந்து மேல்நோக்கித்தான் கப்பல் ஏறிவரும். ஆயுள் முழுவதும் அப்படியே பார்த்துப் பழகிய கை, பொட்டு ஒட்டிய அன்றும் கடலைக் கீழே வைத்திருக்கிறது.

"தகரத்தை நான் ஒருநாளும் என்ர பக்கம் வைச்சதில்லை" என்றாள். "மடியில கிடக்கிற இந்தக் கையை அது வெட்டும். எனக்கு நோவு தெரியாது, ரத்தம் வந்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் எப்பவும் மேல வைக்கிறனான்." அட்டையைத் தங்கையிடம் நீட்டினாள். "இது கப்பல்காரன்ர வேலை."

தங்கை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு ஒண்டும் இல்லை" என்று தனக்குத்தானே சொன்னாள். "எனக்கு ஒண்டும் மறக்கேல்ல." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். தங்கை அழுதாள். அவள் அழவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, ஆத்திரமில்லாத குரலில், "நான் சந்தோசப்பட்டனான் எண்டும் சொன்னீங்கள்" என்றாள்.

அன்று சோற்றை நான் குழைத்துக் கொண்டுபோனபோது வாயை மூடிக்கொண்டாள். தங்கை வாங்கி ஊட்டினாள். அந்தக் கிழமை முடியுமுன் அவளுடைய உடுப்பும் சில்லுக் கதிரையும் வாடகை வாகனத்தில் ஏறின. இனிக் கப்பல்துறையில் தங்கையோடு இருக்கப் போவதாக மகளுக்கு அவளே அழைத்துச் சொன்னாள். மகளோடு வெகுநேரம் கதைத்தாள். நான் விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எங்களுடைய முதல் வீட்டின் குசினி யன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்பதுவரை சரியாகச் சொன்னாள். யாரிடமும் கேட்கவில்லை.

மகளிடமும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். மகள் சரி என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தாள். கொஞ்ச நாள் கழித்து அவளிடம் ஒன்று கேட்டேன்: இதே மாதிரிக் கற்கள் உள்ள, நான் கண்ணால் பார்த்திராத வேறொரு விளையாட்டை அம்மாவின் டப்பில் போட முடியுமா என்று. போட்டுவிட்டதாகத் தங்கை மூலம் அறிந்தேன். அதன் பெயரை நான் கேட்கவில்லை.

ஞாயிறுகளில் கண்டி வீதி பஸ் எடுத்துச் சீனன்குடா தாண்டி இறங்குவேன். படலையடியில் நின்று கூப்பிடுவேன். உள்ளே வரச் சொன்னால்தான் போவேன். சில நாட்கள் வரச் சொல்வாள். முன்னறையில் இருப்பேன். நான் ஏதாவது கேட்டால் தங்கையைப் பார்த்துப் பதில் சொல்வாள். ஒருநாள் மழை எப்போது தொடங்கியது என்று ஒரு பேச்சு வந்தது. நான் நேற்று என்றேன். "அவரைக் கேளாதே, நீ சொல்லு" என்று தங்கையிடம் சொன்னாள். தங்கையும் நேற்று என்றாள். அதன்பிறகே தலையாட்டினாள்.

போன ஞாயிறு தங்கை படலை வரைக்கும் வந்தாள்.

"அத்தான், இண்டைக்கு வேண்டாமாம்."

"சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறா."

யன்னலுக்குள்ளே டப்பின் சத்தம் கேட்டது. கல் இழுத்துக்கொண்டு போகும் நீண்ட சத்தம், பிறகு விழும் சத்தம். "சனியன்" என்று அவள் திட்டினாள். பிறகு அமைதி. பிறகு திரும்பவும் இழுக்கும் சத்தம். எந்தக் கல்லில் கால் வைத்தாள், எதற்காக விழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. கொண்டுபோன தயிர்ச்சட்டியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு வந்து நின்றேன்.